ஜெயிக்கிறவ வீட்டுக்கு மாமா

— மேல ஏறி உக்காந்தாச்சு இல்ல? அப்புறம் என்னக்கா, பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்த மாதிரி வேடிக்கை பாத்துக்கிட்டு? கழுத்தைப் பிடிங்க!

— பிடிக்கமாட்டேன். நான் எங்கடி ஏறினேன்? நீயே மல்லாக்கப் படுத்து என்னை இழுத்து உன் வயித்து மேல உக்கார வச்சுக்கிட்டே. எறக்கி விடு என்னை.

— எறங்கினீங்கன்னா உங்க காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவேன். பாக்கறவங்க சிரிப்பாங்க.

— உஷ்! மெதுவாப் பேசு. போட்டி நடுவுல பேசக்கூடாது. நடுவர் காதுல விழுந்தா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாரு.

— அனுப்பட்டுமே! ரெண்டு பேரும் அவுட்டு, ஜெயிச்சவங்க யாரும் இல்ல, மாமா யார் வீட்டுக்கும் வரமாட்டாரு.

— அடுத்த வாரமே வேற ஒரு போட்டி வைப்பாரு. அந்த மனுஷனைப் பத்தித் தெரியாதா உனக்கு?

— பார்வையாளர்களின் கனிவான கவனத்திற்கு. காலர் வைத்த தடித்த அங்கி அணிந்து மோதும் பெண்கள் மல்யுத்த இறுதிப் போட்டி நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. மேலே அமர்ந்திருப்பவர் என் மூத்த மருமகள், நூலகத்தில் பணிபுரிகிறார். கீழே படுத்திருப்பவர் என் இளைய மருமகள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். இருவருமே என் மருமகள்கள் என்பதால் நான் முற்றிலும் நடுநிலையுடன் அறிவிப்பேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

— யாருக்கா இவரு கையில மைக்கைக் குடுத்தது?

— அறிவிக்க வந்த ஆளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். ‘யாராவது பேசுவீங்களா’ன்னு கேட்டு முடிக்கல, நம்ம ‘ஜங்ஷன்’ மாமா முன்வரிசையிலேர்ந்து எழுந்து போயிட்டாரு. ஆயுசு பூரா ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிச்ச குரலாச்சே. வாயில பூட்டா போட முடியும்?

— மேலும் ஒரு முக்கிய அறிவிப்பு. கோப்பை ஒருபுறம் இருக்க, இப்போட்டியில் வெல்லும் மருமகளின் இல்லத்தில் நாளை முதல் நான் நிரந்தரமாகத் தங்கவுள்ளேன் என்பதை மட்டற்ற மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நன்றி.

— கைதட்டறாங்க பாருங்க, பாவிங்க. தட்டற ஆளுங்க வீட்டுக்கே மூட்டை கட்டி அனுப்பிவைக்கலாம் இவரை.

— ஏய், அப்படிச் சொல்லாதடி. ரிட்டயர் ஆனதும் ஸ்டேஷன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பெத்த பிள்ளைங்க ரெண்டும் ‘உங்க இஷ்டம்பா’ன்னு நைசா நழுவிட்டானுங்க. ஒரு மருமக வீட்டுக்குப் போனா இன்னொரு மருமக அழுவாளேன்னு அவரு தலையைப் பிச்சுக்கிட்டு யோசிச்சு, இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காரு. தன்னையே பரிசா வச்சாச்சுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு உக்காந்திருக்காரு பாரு.

— அழறதா? யாரு? நான் இங்க பரிசு வேண்டாம்னு மல்லாக்கக் கிடக்கேன்!

— தோக்க வந்தவ செய்யற வேலையாடி செஞ்சே? மணி அடிச்ச உடனே என்னைத் தூக்கிப் போட்டியே, அது என்ன?

— சத்தியமா தெரியாம நடந்து போச்சுக்கா. பழக்க தோஷம். நீங்க கையை நீட்டினீங்க, என் கால் தானாப் போய் உங்க காலை வாரிடுச்சு. விழும்போதே நான் ‘அய்யோ’ன்னு கத்தினேன், கேக்கலையா?

— கேட்டுது. நானும் அதையேதான் கத்தினேன்.

— அதுலதான் போர்டுல நான் முன்னாடி நிக்கறேன். நீங்க மேல உக்காந்ததுக்குக் குடுத்த புள்ளி அதுக்குப் பத்தாது. இப்படியே மணி அடிச்சா நான் ஜெயிச்சதா ஆயிடும். ஜங்ஷன் என் வீட்டுக்கு வந்து நின்னுடும்! நீங்க என் கழுத்தை நெரிச்சு, நான் தரையைத் தட்டி ‘போதும்’னு சொன்னாத்தான் எனக்கு விடுதலை.

— தெரியுமே. அதுக்குத்தான் ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கேன்.

— அட துரோகி!

— எனக்கெதுக்குடி வம்பு? நீ ஜெயி. நல்லா இரு. வீட்டுல எப்பவும் கலகலன்னு இருக்கும்.

— அப்ப நானே தட்டிடறேன், போங்க.

— எங்க, தட்டு பாக்கலாம். பிடியே இல்லாம தட்டினா மாமாவுக்குத் தெரியாதா? நம்ம பயிற்சி நடந்த நாள் எல்லாம் பெஞ்சுல உக்காந்து ஒண்ணு விடாம பாத்தவரு. ‘என்னைக் கூட்டிட்டுப் போகப் பிடிக்காம வேணும்னே தோத்துட்டா’ன்னு அந்த நிமிஷமே புரிஞ்சுடும். தாங்குவாரா அவரு?

— அய்யய்யோ. அது வேண்டாம். கால் சுளுக்கிச்சுன்னு சொல்லிடவா?

— சொல்லு. ‘அடிபட்ட மருமகளை நான்தான் பாத்துக்கணும்’னு இன்னைக்கே உன் வீட்டுல வந்து எறங்கிடுவாரு.

— அப்ப நிஜமாவே நெரிக்கணும். வேற வழியே இல்ல. அக்கா, உங்க கால்ல விழறேன், நெரிங்கக்கா!

— மல்லாக்கக் கிடந்துக்கிட்டு எப்படிடி கால்ல விழுவே?

— கவனிக்கவும். மூத்த மருமகள் நீண்ட நேரமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். காரணம் தெரியவில்லை. விரைவில் புறப்படுவார் என எதிர்பார்க்கப்படுகிறது.

— நடுவரும் கையை ஆட்டறாருடி. ஏதாவது பண்ணுங்கங்கறாரு. சரி, பேருக்கு உன் காலர்ல கையை வச்சுக்கறேன். நாலே நாலு விரல். ஜெயிக்கறதுக்கு இல்ல, சொல்லிட்டேன். நடுவருக்குக் காட்டறதுக்கு.

— வைங்க, வைங்க! என் தங்கம்! இருங்க, இப்படிக் கிள்ளற மாதிரிப் பிடிச்சா எப்படி? மொதல்ல இடது கையால என் காலரை இழுத்து அதோட வாயைத் திறங்க. பை மாதிரித் திறந்துச்சா? அதுக்குள்ள வலது கை. உள்ளங்கை கூரையைப் பாக்கணும். ஆழமாப் போகட்டும், இன்னும் ஆழமா. கட்டை விரல் வெளிய, மத்த நாலும் உள்ள. புதுசா வர ஆளுங்க கியரைத் தொடறதுக்கே பயப்படுவாங்க பாருங்க, அந்த மாதிரித் தொடறீங்க.

— எனக்கு இதெல்லாம் வராதுடி. கை வேர்க்குது.

— வரும். கத்துக்குடுக்கறது யாரு? கார்னா என்னன்னே தெரியாத ஆளுங்களை எல்லாம் ரோட்டுல விட்டவ நான். பாருங்க, நான் உங்க மணிக்கட்டைப் பிடிச்சுத் தடுக்கற மாதிரி உள்ள தள்ளிவிடறேன். மாமாவுக்கு நான் போராடற மாதிரி தெரியும்.

— மூத்த மருமகளின் வலது கை காலருக்குள் வந்து சேர்ந்துள்ளது. இளைய மருமகள் கடுமையாகப் போராடுகிறார். அவர் தன் கழுத்தையும் உடைமைகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

— உடைமையாம்! அக்கா, சிரிக்காதீங்க. நீங்க குலுங்கினா உங்க மொத்த எடையும் என் விலாவுல குதிக்குது.

— எப்படிடி சிரிக்காம இருக்கறது?

— நீங்க இங்க ஒரு நிமிஷம் கேட்டுட்டுச் சிரிக்கறீங்க. எங்க வீட்டுல வந்து கொஞ்ச நாள் தங்கினாரே, அப்ப என் பாடு என்ன? வாஷிங் மெஷின் நின்னா அறிவிப்பு. பால் பொங்கினா அறிவிப்பு. நான் குளிக்கப் போனா, ‘குளியலறையில் ஆள் இருப்பதால் அடுத்து வருபவர் சற்றுக் காத்திருக்கவும்’. கீழ் வீட்டுல இருக்கறவங்க வரைக்கும் என் குளியல் நேரம் தெரியும்.

— அய்யோ, போதும்.

— இதைக் கேளுங்க. ஒரு நாள் எனக்கும் உங்க கொழுந்தனுக்கும் சண்டை. ரெண்டு பேரும் பேசிக்கல. அன்னைக்குன்னு பாத்து அவங்க ஆபீஸ்ல இருக்கறவங்க நாலு பேர் வீட்டுக்கு வந்திருக்காங்க. வாசல்லயே நின்னு சொல்றாரு, ‘மகனுக்கும் மருமகளுக்கும் இடையிலான பேச்சு சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

— அம்மாடி! அப்புறம்?

— அப்புறம் என்ன, அந்த நாலு பேரும் சிரிச்ச சிரிப்புல நாங்களும் சிரிச்சுட்டோம். சண்டை முடிஞ்சுது. ஆனா மானம் போனது போனதுதானே!

— சண்டை முடிஞ்சுதுல்ல? அப்ப நல்லதுதானே பண்ணியிருக்காரு. நீயே வச்சுக்கோ.

— நல்லவருதான், யாரு இல்லைன்னா? பஞ்சு மனசு. ஆனா ஒரு தடவையாவது வாயை மூடிக்கிட்டு நல்லவரா இருக்கட்டுமே! நீங்க பேச்சை மாத்தாதீங்க. கை வெளிய வழுக்குது பாருங்க. உள்ள தள்ளுங்க. காதுக்குப் பின்னாடி வரைக்கும் வரணும்.

— என் நிலைமையை நெனச்சுப் பாத்தியா? பகல் பூரா ‘சத்தம் போடாதீர்’னு பலகை தொங்கற எடத்துல வேலை. வீட்டுக்கு வந்தா என் வீட்டுக்காரரு, அதான் உங்க பெரியவரு, ராத்திரி ஷிப்டுக்குக் கெளம்பற வரைக்கும் தூங்கிக்கிட்டிருப்பாரு. மிக்ஸி போடறதுக்கே நான் நேரம் பாத்துத்தான் போடணும். செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நடக்கற வீடு அது. அங்க போய் இவரா? எனக்குத் தலைவலியே வந்துடும்டி.

— வரட்டுமே, மாத்திரை நான் வாங்கித் தரேன்.

— உனக்கு எல்லாம் விளையாட்டு. நான் ஆசையாக் கேட்டதை எல்லாம் நீ தூக்கிக்கிட்டுப் போவே, வேண்டாங்கறதை மட்டும் என் தலையில கட்டுவே.

— எதைத் தூக்கிக்கிட்டுப் போனேன்?

— பூனை.

— அது தானா என் பின்னாடி வந்துச்சு.

— பொய் சொல்லாதே. ஒரு மாசம் பால் ஊத்தினது நான். ‘இதை நானே வளக்கலாம்னு இருக்கேன்’னு உன்கிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னேன். சாயந்திரம் உன் மடியில படுத்திருக்கு!

— சரி, ஒத்துக்கறேன். என் புத்தி அப்படி. நீங்க ஒண்ணை வேணும்னு சொன்ன உடனே எனக்கும் அது பளபளன்னு தெரிய ஆரம்பிச்சிடுது. அதுக்கு முன்னாடி அந்தப் பூனையை நான் திரும்பிக்கூடப் பாத்ததில்ல.

— அந்த மாதிரி மாமாவையும் மடியில தூக்கி வச்சுக்கோயேன்.

— பூனை பசிச்சாத்தான் கத்தும்கா. அக்கா, நேரம் போகுது. அந்தக் கடிகாரம் உங்களுக்குத் தெரியுதா? எனக்கு மேல இருக்கற டியூப் லைட்டும் உங்க மோவாயும்தான் தெரியுது.

— ஒரு நிமிஷம் சொச்சம் இருக்கு.

— போச்சு! அடுத்த கையைக் கொண்டாங்க. சீக்கிரம்.

— அது எங்க போகணும்?

— மொதக் கைக்கு மேலால வந்து, இந்தப் பக்கக் காலர். இது தலைகீழ்: கட்டை விரல் உள்ள போகணும், மத்தது வெளிய. என் தோளுக்குப் பக்கத்துலயே பிடிங்க. ரெண்டு கையும் என் கழுத்துக்குக் கீழ கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே நிக்கணும். அதேதான்! அக்கா, அசத்தறீங்க!

— நான் எங்க அசத்தறேன்? நீ சொல்ற எடத்துல வைக்கறேன். வேண்டாவெறுப்பா.

— வெறுப்பாவே வைங்க, ஆனா இறுக்கமா வைங்க. முட்டியை மேல ஏத்துங்க, என் அக்குளுக்குக் கீழ. இல்லாட்டி நான் தெரியாம… அய்யோ, அக்கா, பிடிச்சுக்கோங்க, இடுப்பு தானாத் தூக்குது!

— ஏய்! ஏய்! என்னைக் கவுத்துடாதே!

— சத்தியமா நான் பண்ணலக்கா! கழுத்துல கை பட்டா உடம்பு அதுவா பாலம் மாதிரி வளைஞ்சு எழும்புது! கையைத் தரையில ஊனுங்க! காரைத் திருப்பறப்ப நீங்களும் கூட சாய்வீங்கள்ல, அந்த மாதிரி சாயுங்க!

— சாஞ்சுட்டேன், சாஞ்சுட்டேன்.

— விழலையே?

— விழல. ஆனா கொஞ்சம் உன் இடுப்பைக் கட்டிப்போடு. மாட்டு வண்டி மாதிரித் தூக்கிப் போடுது.

— அபாரம்! இளைய மருமகள் மேற்கொண்ட தப்பிக்கும் முயற்சி மயிரிழையில் ரத்து செய்யப்பட்டது. மேலும், வாசலில் வழியை மறித்து நிற்கும் ‘பயிற்சி வாகனம்’ என்று எழுதப்பட்ட காரை உடனடியாக எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. அதன் உரிமையாளருக்குத் தற்சமயம் கழுத்து நெரிக்கப்பட்டுக்கொண்டிருப்பதால், வண்டியோட்டிகள் சற்றுப் பொறுத்தருளவும்.

— ஊருக்கே பார்க்கிங் சொல்லிக்குடுக்கறவடி நீ!

— அவசரத்துல விட்டுட்டு வந்துட்டேன். சிரிக்காதீங்கக்கா, கை தளருது. எல்லாம் வீணாப் போயிடும். இறுக்குங்க.

— இறுக்கறேன். வலிக்குதா?

— வலிக்குது. அதுதான் தப்பு. தொண்டைக் குழியைப் போட்டு அமுக்கறீங்க. அது வெறும் வலி, இருமல்தான் வரும். நடுவுல அமுக்கக்கூடாது, ரெண்டு பக்கமும் அமுக்கணும். உங்க மணிக்கட்டு எலும்பு இருக்குல்ல, அது என் கழுத்து நரம்புல படணும். அப்பதான் தட்ட முடியும்.

— எனக்கு இடம் தெரியலையேடி.

— இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுல. இல்ல, அது தாடை. ஆங், கீழ. அக்கா, நூலகத்துல எத்தனை ஆயிரம் புத்தகத்தை அதோட அதோட இடத்துல வைக்கறீங்க, ஒரு கழுத்துல ரெண்டு எடம் கண்டுபிடிக்க முடியலையா?

— புத்தகம் பேசாதுடி. அதான் ஈசி.

— அக்கா.

— என்ன?

— மாமா குரலையே காணோம்.

— ஆமா. எங்க போனாரு?

— அவருக்குப் புரிஞ்சு போச்சு. நாம பேசறதைக் கவனிச்சுட்டாரு. ரெண்டு பேரும் தோக்கறதுக்குப் போட்டி போடறோம்னு தெரிஞ்சுடுச்சு. அதான் பேச்சு வரல.

— இருக்காது. இருக்காதுடி. நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாரு. அவரு எங்கடி? மேசைக்குப் பின்னாடி ஆளையே காணோம்.

— நல்லாப் பாருங்க, நீங்கதானே மேல இருக்கீங்க!

— கூட்டமா நிக்கறாங்க. மறைக்குது. மாமா… அவருக்கு ஒண்ணும் ஆகலையே? அவரு எங்கடி?

— பதறாதீங்க. நீங்க பதறினா எனக்கும் என்னமோ பண்ணுது. அக்கா, பாவம்கா அவரு. காலையில எனக்குத் தலை வாரி இறுக்கிக் கட்டி விட்டது அவருதான், தெரியுமா? ‘முடி கண்ணுல விழுந்தா சிக்னல் தெரியாது’ன்னாரு. நான் அவரைப் போய் மூட்டை கட்டி அனுப்பறேன்னேன். எனக்கு வெக்கமா இருக்கு. நிஜமாவே வெக்கமா இருக்கு.

— வாயை மூடு. இதோ, தெரியறாரு. உக்காந்துதான் இருக்காரு. ஒதடு அசையுது. மைக்கைத் தட்டறாரு. ஊதறாரு. அப்பாடா! மைக்தான்டி. மைக்தான் போயிடுச்சு.

— …கேட்கிறதா? கேட்கிறதா? ஒலிபெருக்கியில் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறேன். இடைப்பட்ட நேரத்தில் நான் சொன்ன அனைத்தையும் மீண்டும் ஒருமுறை சொல்கிறேன்.

— அட ராமா. நான் வெக்கப்பட்டதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன்.

— நீ என்ன சொன்னே? அவரை வச்சுக்கறேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே.

— வெக்கமா இருக்குன்னுதான் சொன்னேன். வச்சுக்கறேன்னு எங்க சொன்னேன்? நேரம் எவ்வளவு இருக்கு?

— அரை நிமிஷம்கூட இல்ல. விடுடி, பேசாம மணி அடிக்கட்டும். நீயே ஜெயிச்சுக்கோ. நான் கையை எடுத்துடறேன்.

— எடுத்தீங்க, கொன்னுடுவேன்! அக்கா, நல்லாக் கேளுங்க. நான் கழுத்தைத் தூக்கித் தரேன். நீட்டறேன். இதை விட ஒருத்தி என்ன பண்ண முடியும்? ரெண்டு முழங்கையையும் உங்க விலாவோட சேத்து ஒட்டுங்க. மார்பை எறக்குங்க. என் மேல படுத்துடுங்க, பரவாயில்ல. நெத்தியை என் தலைக்குப் பக்கத்துல தரையில வைங்க. கையால இழுக்காதீங்க, முதுகால இழுங்க. கிளட்ச்சை மெதுவா விடற மாதிரி, ஒரே சீரா.

— இப்படியா?

— ஆமா. நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம்… அட… அக்கா, ரெண்டு மணிக்கட்டையும் உள்பக்கமாத் திருகறீங்களே… அதை நான் இன்னும்… சொல்லவே இல்லையே…

— உஷ்.

— யாரு… சொல்லிக்…

— பேசாதே கண்ணு. தட்டு.

— தட்டிவிட்டார்! தட்டிவிட்டார்! கவனிக்கவும், கவனிக்கவும், இளைய மருமகள் தரையைத் தட்டிவிட்டார்! நடுவரும் உறுதி செய்துவிட்டார்! மூத்த மருமகள் குறித்த நேரத்திற்குச் சற்று முன்னதாகவே வெற்றியை வந்தடைந்தார்! இளைய மருமகள் மனம் தளர வேண்டாம்; உன் வீட்டுக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோவேன் அம்மா!

— மூச்சு வந்துச்சா? இங்க பாரு. என் விரல் எத்தனை தெரியுது?

— விரலா? நட்சத்திரம் தெரியுது, அத்தனையும் அழகா இருக்கு! தோத்துட்டேன்கா! தோத்துட்டேன்! வாழ்க்கையில இப்படி ஒரு தோல்வியை நான் பாத்ததே இல்ல!

— மெதுவா எழுந்திரு. தலை சுத்தும்.

— சுத்தட்டும்! கைகுடுங்க. எல்லாரும் பாக்கறாங்க, சோகமா இருக்கற மாதிரி மூஞ்சியை வச்சுக்கணும். எப்படி இருக்கு? சோகமா இருக்கா?

— பல் தெரியுது.

— வாயை மூடிக்கறேன். நடுவர் உங்க கையைத் தூக்கறாரு, போங்க, போய் நில்லுங்க. மாமா ஏறி நின்னு ரெண்டு கையையும் ஆட்டறாரு பாருங்க, ரயிலுக்குக் கொடி காட்டற மாதிரி.

— வெற்றி பெற்றவரின் கவனத்திற்கு. உங்களுக்கான பரிசு, அதாவது நான், இன்னும் சில விநாடிகளில் மல்யுத்த விரிப்பின் வலது ஓரம் வந்து சேரும். வழியில் நிற்பவர்கள் தயவுசெய்து விலகி நிற்கவும்.

— வராரு! மைக்கோடயே வராரு! ஒயர் நீளம் பத்துமான்னு தெரியல. அக்கா, போங்க, பரிசை வாங்கிக்கோங்க! என்னக்கா இது? ஏன் அழறீங்க?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாம இப்படியா கண்ணீர் கொட்டும்? அய்யோ. நான் ஒரு மடச்சி. என் கஷ்டத்தை மட்டும் பாத்துட்டு உங்க தலையில கட்டிட்டேன். நூலகத்துலயும் உஷ், வீட்டுலயும் உஷ்ன்னு பழகினவங்களாச்சே நீங்க. பெரியவரு தூக்கமும் போச்சு. அழாதீங்க. எனக்கு மனசு கேக்கல. ஒரு வழி சொல்றேன், மாமா வர்றதுக்குள்ள சரின்னு சொல்லுங்க. மாசத்துல ஒரு வாரம் நான் கூட்டிட்டுப் போறேன். அவரு குளியல் அறிவிச்சாலும் பரவாயில்ல. ஒரு வாரம், சரியா?

— ஒரு வாரமா? ஒரு வேளைகூடத் தரமாட்டேன், போடி! அந்த வீட்டுல ஒரு மனுஷக் குரல் கேக்காம நான் செத்துக்கிட்டிருக்கேன்; மாமாவுக்குக் கட்டில் வாங்கிப் போட்டு, உங்க பெரியவரு காதுக்குப் பஞ்சு வாங்கி வச்சு ஒரு மாசமாச்சு; எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா, அதான் நீயே கழுத்தைத் தூக்கி நீட்டற வரைக்கும் வேண்டாம் வேண்டாம்னு உன் மேல உக்காந்து நடிச்சேன்!